சந்தேகம், பிளவு, வஞ்சகம்: மூன்றும் சேர்ந்து வந்தால் எதை முதலில் கையாள்வது?

திறப்பில்_நிற்பவள் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜெபக்குழுவோ வாலிபர் ஐக்கியமோ நடத்துகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது.

பல வருஷமாக விசுவாசத்தில் இருக்கும் ஒருவருக்கு, "நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டேனா, என் ஜெபம் கேட்கப்படுகிறதா" என்ற சந்தேகம் எழுகிறது. வெளியே சொன்னால், சந்தேகப்படுகிறவன் கடல் அலைக்கு ஒப்பானவன் என்ற யாக்கோபு 1:6-ஐ எடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். அவரும் மௌனமாகிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து இணையத்தில் ஒரு "தீர்க்கதரிசி" அறிமுகமாகிறார். முதலில் அவருக்கென்றே ஒரு வாக்குத்தத்தம், அடுத்து காணிக்கை, அதற்கடுத்து "உன் சபையில் உனக்கு விரோதமாக இருப்பவர்கள் உண்டு, இதை அவர்களிடம் சொல்லாதே" என்ற எச்சரிப்பு. கொஞ்ச நாளில் குழுவே இரண்டாகிறது.

இதில் எங்கே தொடங்க வேண்டும்? சந்தேகத்தில் இருப்பவரோடு என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது? "கர்த்தர் சொன்னார்" என்று வரும் வார்த்தையை எப்படிச் சோதிப்பது? "ஜெபியுங்கள், எல்லாம் சரியாகும்" என்பதற்கு மேல், செய்து பார்க்கக்கூடிய வழிகளைச் சொல்லுங்கள்.

பெரேயா_வாசகன்:

சகோதரி, சந்தேகத்திலிருந்தே தொடங்குங்கள். மற்ற இரண்டும் மறைத்து வைக்கப்பட்ட சந்தேகத்தின் மேல்தான் வளர்கின்றன. சந்தேகப்பட்டதற்காக வெட்கப்படுத்தப்பட்ட மனுஷன், நிச்சயத்தை விலைக்குத் தருகிற முதல் ஆளிடம் போய் நிற்பான்.

யாக்கோபு 1:6-ஐ வைத்து வாயை அடைக்கிறவர்கள் முந்தின வசனத்தை வாசிப்பதில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அங்கே கண்டிக்கப்படும் இருமனமுள்ளவன் யார் என்பதும் 4-ம் அதிகாரத்தில் தெளிவாகிறது: உலக சிநேகத்தையும் தேவனையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறவன். கேள்வி கேட்டு அழுகிறவனைப் பற்றிய பேச்சு அல்ல அது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற தகப்பனின் மகனை இயேசு குணமாக்கினார் (மாற்கு 9). சிறையிலிருந்து "வருகிறவர் நீர்தானா" என்று ஆள் அனுப்பிய யோவான்ஸ்நானனுக்கு, குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று கண்ணால் கண்ட சாட்சியைத்தான் பதிலாக அனுப்பினார். அதன் பிறகு கூட்டத்தாருக்கு முன் யோவானைப் புகழ்ந்தார் (மத்தேயு 11). உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொண்டபோதும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு 28:17 மறைக்காமல் எழுதியிருக்கிறது. சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற பிரதான கட்டளை அந்தக் கூட்டத்துக்கே கொடுக்கப்பட்டது.

இனி நடைமுறை. சந்தேகத்தை ஒரே வாக்கியத்தில், கேள்வியாக, ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதினவுடன் அது எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "இயேசு உண்மையில் உயிர்த்தெழுந்தாரா" என்பது சத்தியத்தைப் பற்றிய கேள்வி; 1 கொரிந்தியர் 15:3-8-ல் பவுல் அடுக்கும் சாட்சிகளில் தொடங்கி, நிதானமாகப் படிக்க வேண்டியது. "என்னை அவர் ஏற்றுக்கொண்டாரா" என்பது தன்னைப் பற்றிய கேள்வி; யோவான் 6:37, ரோமர் 8 பக்கம் போகவேண்டும். "அத்தனை ஜெபித்தும் ஏன் என் தாயை எடுத்துக்கொண்டார்" என்பது காயம். காயத்தோடு வருகிறவனிடம் வாதங்களை அடுக்குவதே நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. வாதத்தில் நாம் ஜெயிப்போம், அவன் போய்விடுவான்.

காயத்துக்கு 13-ம் சங்கீதத்தைக் கொடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு நான்கு முறை வருகிறது; அடுத்த இரண்டில் விண்ணப்பம்; கடைசி இரண்டில் நம்பிக்கை. அதே வரிசையில், தன் வார்த்தையில், தினமும் ஒரு பக்கம் எழுதி தேவனிடம் சத்தமாக வாசிக்கட்டும். நம்பிக்கைப் பகுதி வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

தன்னைப் பற்றிய சந்தேகத்தில் இன்னொன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: இன்னாரிடம் பொய் சொன்னாய், போய்ச் சரிசெய். திரும்பும் வழியும் கூடவே தெரியும். குற்றஞ்சாட்டுகிறவனின் பேச்சு மொத்தமாக இருக்கும்: நீ வேஷக்காரன், உனக்கு மன்னிப்பே இல்லை. அதில் செய்வதற்கு ஒன்றுமிருக்காது. 2 கொரிந்தியர் 7:10 மனந்திரும்பச் செய்யும் துக்கத்தையும் மரணத்துக்குக் கொண்டுபோகும் துக்கத்தையும் இப்படிப் பிரிக்கிறது. பேதுருவும் யூதாசும் அதற்கு உதாரணம்.

"மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன்" என்று நடுங்குகிறவர்களுக்கு மாற்கு 3:30-ஐக் காட்டுங்கள். பரிசுத்த ஆவியின் கிரியையைக் கண்ணால் பார்த்தும், துணிந்து அதை அசுத்த ஆவி என்றவர்களிடம் சொல்லப்பட்டது அது. மன்னிப்பை ஏங்கித் தேடுகிறவன் அவர்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நிச்சயத்துக்காக 1 யோவான் நிருபத்தையும் முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்: கிறிஸ்துவை அறிக்கையிடுதல், கற்பனையைக் கைக்கொள்ளுதல், சகோதர சிநேகம் என்ற மூன்று அளவுகளை அது தருகிறது.

இஞ்ஞாசி_வழி:

கத்தோலிக்க மரபிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். லொயோலா புனித இஞ்ஞாசியாரின் "ஆன்மீகப் பயிற்சிகள்" 1548-இல் அச்சானது. அதிலுள்ள தெளிந்து தேர்தல் விதிகள் (மனதில் எழுவது நல்ல ஆவியிடமிருந்தா, தீய ஆவியிடமிருந்தா என்று பிரித்தறியும் விதிகள்) இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டவை போலிருக்கும்.

மிக முக்கியமான விதி: ஆன்ம வறட்சியில், அதாவது செபத்தில் ஆறுதலே இல்லாத நாட்களில், எந்த முடிவையும் மாற்றாதே. அமைதியாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்திலேயே நில். சபையை விட்டுப் போவது, பொறுப்பைத் துறப்பது, புதிய வழிகாட்டியைத் தேடுவது எதையும் வறட்சி நாளில் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் நம்மை நடத்தும் ஆலோசனை பெரும்பாலும் நல்ல ஆவியிடமிருந்து வருவதில்லை என்பது அவர் கணிப்பு. முடிவை மாற்றாமல் நம்மை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்: செபத்தில் சற்றுக் கூடுதலாக நிலைப்பது, மனச்சான்றை ஆராய்வது. ஒரு மணி நேரம் செபிப்பதாகத் தீர்மானித்தவர், வறட்சியில் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கட்டும் என்பது வரை சொல்லியிருக்கிறார்.

வறட்சிக்கு மூன்று காரணங்களைத் தருகிறார். நம் அசட்டை, ஆறுதல் இல்லாமல் எவ்வளவு தூரம் வருவோம் என்று கடவுள் நம்மைச் சோதிப்பது, ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று நமக்குத் தெரியவைப்பது. மூன்றில் ஒன்றுதான் நம் குற்றம். வறண்டுபோன எவரையும் பார்த்து "ஏதோ பாவம் மறைத்திருக்கிறாய்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலுவையின் புனித யோவானும் இருண்ட இரவை (கடவுளே நம்மை நடத்திச்செல்லும் வறட்சியை) அசட்டையிலிருந்து பிரிக்க மூன்று அடையாளங்கள் தருகிறார்: கடவுள் காரியத்திலும் உலகக் காரியத்திலும் சுவை இல்லை, கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே என்ற கவலை விடாமல் இருக்கிறது, முன்போல் தியானிக்க முடியவில்லை. அசட்டையானவனுக்கு அந்தக் கவலையே வராது.

இரகசியம் பற்றியும் ஒரு விதி உண்டு. பகைவன் கள்ளக் காதலனைப் போல நடப்பான், தான் பேசியது தகப்பனுக்கோ கணவனுக்கோ தெரியக் கூடாது என்பதே அவன் கவலை என்கிறார். "யாரிடமும் சொல்லாதே" என்று வந்த வார்த்தையை, அந்தக் காரணத்துக்காகவே, அறிவுள்ள ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, செபத்தில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவது, மனதில் வந்த அருவருப்பான எண்ணத்துக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது, இவை தெரிந்தால் அது சந்தேகமல்ல, ஓ.சி.டி. என்ற மனநோயின் (வேண்டாத எண்ணமும் செயலும் கட்டாயமாகத் திரும்பத் திரும்ப வருவது) ஆன்மீக வடிவமாக இருக்கக்கூடும். அவரிடம் "இன்னும் அதிகமாக செபி" என்பது நெருப்புக்கு எண்ணெய். மேலே சொன்ன கூடுதல் நேரமும் அவருக்கு வேண்டாம். வேளையும் அளவும் முன்கூட்டியே குறித்த குறுகிய செபம், ஒரே ஒரு ஆன்ம வழிகாட்டி, ஒருமுறை அறிக்கையிட்டதை மீண்டும் சொல்வதில்லை என்ற ஒப்பந்தம், கூடவே மனநல மருத்துவர். சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

யோர்தான்_கரை:

வஞ்சகத்தைச் சோதிப்பது பற்றி. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பதும் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்பதும் 1 தெசலோனிக்கேயர் 5-ல் அடுத்தடுத்து நிற்கின்றன. சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. 1 கொரிந்தியர் 14:29-ன்படி பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். நிதானிக்க ஆளில்லாத இடத்தில், தனிச் செய்தியாக, நள்ளிரவில் வரும் தீர்க்கதரிசனம் அந்த ஒழுங்குக்கு வெளியேதான் பிறக்கிறது.

முதல் வேலை, சொல்லப்பட்டதை வார்த்தைக்கு வார்த்தை, தேதியோடு எழுதி வைப்பது. குரல் பதிவு என்றால் அழிக்காதீர்கள். எழுதாவிட்டால் நடந்தவற்றுக்கு ஏற்றபடி ஞாபகமே வளைந்து கொடுக்கும். பிறகு அதில் எத்தனை பேருக்குப் பொருந்தும் வாக்கியங்கள் உண்டு என்று பாருங்கள். "நெருங்கின ஒருவரால் காயப்பட்டிருக்கிறாய்", "ஒரு கதவு அடைபட்டிருக்கிறது" என்பவை எவருக்கும் பொருந்தும். பெயர், வேலை, வீட்டு நிலவரம் சொன்னால், அது ஏற்கெனவே முகநூலிலோ ஜெப விண்ணப்பப் படிவத்திலோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

"சொன்னது நடந்ததே" என்பார்கள். உபாகமம் 13:1-3 அதற்குத்தான்: அடையாளம் நடந்தாலும், தேவனை விட்டு விலக்குகிற பேச்சு என்றால் கேட்கக் கூடாது. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்பதற்கு உபாகமம் 18:22. இரண்டு சோதனையும் தேவை.

வசனம் காட்டினால் முழு அதிகாரத்தையும் திறங்கள். மத்தேயு 4:6-ல் பிசாசு 91-ம் சங்கீதத்தைச் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதியை விட்டுவிடுகிறான். இயேசு உபாகமம் 6:16-ஐக் கொண்டு, வசனத்தை வசனத்தோடு வைத்து, பதிலளிக்கிறார். உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகளே என்ற எரேமியா 29:11-ம் அப்படித்தான் கிழித்தெடுக்கப்படுகிறது. முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. 8-ம் வசனம் உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதீர்கள் என்கிறது. வீடு கட்டு, தோட்டம் போடு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபி என்று பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய நிருபம் அது. மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும் என்ற சீட்டு அல்ல.

"அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்ற மிரட்டலும் வரும். சங்கீதம் 105-ஐ வாசித்தால், அது பரதேசிகளாகத் திரிந்த பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்னது என்று தெரியும். போதகரிடம் கேள்வி கேட்காதே என்று அதில் இல்லை. அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்த பவுலை யாரும் அப்படித் தடுக்கவில்லை (கலாத்தியர் 2:11).

பணம்: தீர்க்கதரிசிகள் பணத்துக்காகக் குறிசொல்கிறார்கள் என்று கடிந்துகொள்ளும் மீகா 3:11 போதும். ஆதிச் சபையின் நடைமுறை தெரியவேண்டுமென்றால், 1873-இல் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்ட டிடாகே என்ற ஆதிச் சபையின் போதனை நூல், பணம் கேட்கிற தீர்க்கதரிசி கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஏழைகளுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதே என்ற நியாயத்தையும் அங்கேயே சொல்கிறது.

உடனே பதில் சொல்லவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். எரேமியா 28-ல் அனனியா "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும்" என்றபோது, எரேமியா "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் ஆரம்பித்தார். தன் கழுத்து நுகத்தை அவன் உடைத்தபோதும் தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகே திரும்பி வந்து பேசினார். "நான் ஜெபித்து, மூத்தவர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையுள்ள ஊழியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வஞ்சிக்கப்பட்டவரிடம் அந்த ஆளைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால், அந்த ஆள்மேல் உள்ள பாசத்தால் இவர் இன்னும் நெருங்கிப்போவார். 2 தீமோத்தேயு 2:24-26 சாந்தத்தோடு உபதேசிக்கச் சொல்வதில் ஆழ்ந்த காரணம் இருக்கிறது.

திறப்பில்_நிற்பவள்:

மிகவும் நன்றி. பிளவு பற்றி யாராவது எழுதுங்கள். மத்தேயு 18-ஐ எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். குறை மூப்பர் மேலேயே இருந்தால் அதே வழிதானா?

மேய்ப்பன்_கோல்:

சிஸ்டர், முதலில் சண்டை எதைப் பற்றியது என்று வகைப்படுத்துங்கள். சுவிசேஷமே புரட்டப்படுகிறதா? கலாத்தியர் 1:8, அங்கே விட்டுக்கொடுக்க முடியாது. போஜனம், நாள், பாடல் முறை போன்றதா? ரோமர் 14, இருவரும் தங்கள் மனதில் நிச்சயமாயிருந்து ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். ஒருவர் மற்றவருக்குச் செய்த குற்றமா? அப்போதுதான் மத்தேயு 18:15-17: தனிமையில், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு. நான் பார்க்கும் பெரும்பாலான பிளவுகளில் ரோமர் 14 விஷயத்துக்குக் கலாத்தியர் 1-ன் கோபம் செலவாகிறது.

மூப்பர் மேல் குற்றச்சாட்டு என்றால் 1 தீமோத்தேயு 5:19-20. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். முதல் பாதியை மட்டும் வாசிக்கும் சபை தலைவனை மூடி மறைக்கிறது, இரண்டாம் பாதியை மட்டும் வாசிக்கும் சபை வதந்தியால் அவனைக் கொல்கிறது. பாலியல் அத்துமீறல், அடி உதை, பணமோசடி என்றால் காவல்துறைக்குப் போகவேண்டும். "முதலில் தனிமையில் போய்ப் பேசு" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையைக் குற்றவாளியிடமே அனுப்புவது கொடுமை. ரோமர் 13-ன்படி அரசின் அதிகாரத்தை தேவன் வைத்ததே அதற்காக.

கூட்டம் நடத்துவதற்கு அப்போஸ்தலர் 15 நல்ல மாதிரி. இரண்டு தரப்பும் பேசிமுடிக்கும்வரை தர்க்கம் நடந்தது. பேதுருவும், பின்பு பவுலும் பர்னபாவும், நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். யாக்கோபு ஆமோஸ் தீர்க்கனின் வாக்கோடு அதை ஒப்பிட்டார். முடிவை எழுத்தில் வைத்தார்கள்; எழுதினதை வாயினாலும் விளக்க யூதாவையும் சீலாவையும் கூட அனுப்பினார்கள். உங்கள் கூட்டத்திலும் ஒரே பொருள், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு நடுவர், முடிவில் இரண்டு தரப்பும் வாசித்துச் சம்மதித்த ஒரு பக்க எழுத்து இருக்கட்டும். எழுதாமல் கலைந்தால் அடுத்த வாரம் இரண்டு விதமான ஞாபகம் இருக்கும்.

"பலர் சொல்கிறார்கள்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். கொரிந்துவின் வாக்குவாதத்தைப் பற்றி எழுதும்போது பவுல், குலோவேயாளின் வீட்டாரால் கேள்விப்பட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 1:11). வாட்ஸ்அப் குழுவில் விவாதிக்க வேண்டாம். "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் ஒருவருடைய குறையைப் பரப்பவும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் பிரிய நேரலாம். மாற்குவைக் குறித்துப் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். இருவரும் ஊழியத்தை விடவில்லை. அதே மாற்குவை அழைத்துவரும்படி 2 தீமோத்தேயு 4:11-ல் பவுலே எழுதுகிறார். பிரிகிற அன்று சொல்லும் வார்த்தைகள் இந்தத் திரும்புதலுக்கு இடம் விடட்டும்.

எலியாவின்_சூரைச்செடி:

பெரேயா சகோதரரின் கடைசிப் பகுதியில் ஒரு மாற்றுக் கருத்து. 1 யோவானின் மூன்று அளவுகள் மெய்தான். ஆனால் ஏற்கெனவே தன்னையே தோண்டிக்கொண்டிருப்பவரிடம் அதைக் கொடுத்தால், "எனக்குச் சகோதர சிநேகம் போதுமா" என்று மறுபடியும் தன்னையே அளப்பார். முதலில் 3:20-ஐக் கொடுங்கள்: நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர். 1 இராஜாக்கள் 19-ஐயும் பாருங்கள். சாக விரும்பின எலியாவுக்குத் தூதன் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, இரண்டு முறை சாப்பிடவைத்தான். கேள்வி அதற்குப் பிறகுதான். சரியாகத் தூங்காதவரோடு நள்ளிரவில் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றி விவாதிக்காதீர்கள். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பெரேயா_வாசகன்:

ஒப்புக்கொள்கிறேன். 3:20 முதலில், அளவுகள் அமைதி வந்த பிறகு.

திறப்பில்_நிற்பவள்:

கடைசியாக ஒன்று. ஏமாந்தோம் என்று தெரிந்த பிறகும், "பொருத்தனை பண்ணிவிட்டேன், பணம் அனுப்புவதை நிறுத்தினால் சாபம் வரும் என்றார்" என்று பயப்படுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

யோர்தான்_கரை:

"காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" (நீதிமொழிகள் 26:2). நியாயப்பிரமாணத்தின் சாபத்தையே கிறிஸ்து சுமந்து தீர்த்தார் (கலாத்தியர் 3:13). மாதத் தவணை நின்றதற்காக அதைத் திரும்பக் கொண்டுவர எந்த மனுஷனுக்கும் அதிகாரமில்லை. பொருத்தனை தேவனுக்குச் செய்வது. பொய் சொல்லி வாங்கிய வாக்கு அந்த ஆளுக்குக் கடன் ஆகாது. மனசாட்சி உறுத்தினால் அந்தத் தொகையை, அவசரமில்லாமல், தேவையிலிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

வங்கியில் தானாகப் போகும் கட்டளையை ரத்துசெய்ய நம்பகமான ஒருவர் கூடப் போகட்டும். செய்திகளையும் ரசீதுகளையும் அழிக்காமல் சேமித்த பிறகு எண்ணைத் தடைசெய்யட்டும். பெரிய தொகை என்றால் புகார் கொடுக்க அவை வேண்டும். விட்டுவிட்ட சில வாரங்களில் காய்ச்சல் வந்தாலும், வேலையில் சிக்கல் வந்தாலும் "இதோ சாபம்" என்று மனம் சொல்லும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். அப்படித் தோன்றும்போது அழைக்க இரண்டு பேரின் எண் அவர் கையில் இருக்கட்டும்.